மஞ்சள் குழாய்

“உந்த ஆளுக்கு ஆர் வேலை குடுத்தது?” என்றார் ஞானரட்ணம்.

பக்கத்து இருக்கையில் இருந்த அனஸ்ரேசியா யன்னலால் எட்டிப் பார்த்தாள். கீழே, பனிக்குள் முழங்காலில் நின்றபடி ஒருவன் தடித்த மஞ்சள் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தலைமூடி, கழுத்துத் துணி, காதுக்கவசம் எல்லாம் போக அவனில் மிஞ்சியது மூக்கு நுனி மட்டும்தான்.

லண்டன் விமானம் ஒஸ்லோவில் நின்ற இடத்திலேயே நின்றது. தரையில் நிற்கும்போது வாலில் உள்ள சிறிய எஞ்சினை ஓட்டக்கூடாது, அது இரைச்சல் விதி என்று விமானி அறிவித்திருந்தார். உள்ளே சூடு கீழிருந்து குழாய் வழியாகத்தான் வரவேண்டும்; குழாயைப் பூட்டும் இடத்தில் பனி இறுகிவிட்டதாம்.

“வெளியில இருக்கிறவையின்ரை காதுக்குச் சுகம். நாங்கள் உள்ளுக்கை ஐஸ்பெட்டி மீன் மாதிரி.” ஞானரட்ணம் கோட்டை இழுத்துப் போர்த்தினார். “பெல்லை அடியுங்கோ தங்கச்சி. யன்னல் உங்கடை பக்கம், நீங்கள்தான் சாட்சி.”

அவள் அடித்தாள். உண்மையில் கோபம் குழாய்க்காரன் மேல் இல்லை.

கணவன் பிலேந்திரன் வழியனுப்ப வரவில்லை. இதே விமான நிலையத்தின் மறுகோடியில், சரக்குக் கொட்டகையில்தான் அவனுக்கு வேலை. இன்று ஓய்வு நாள் வேறு. அப்படியும் யாரோ ஒருவனோடு வேலையை மாற்றிக்கொண்டு, அவள் எழும்பமுதலே ரொம்மன் பகுதியில் உள்ள வீட்டிலிருந்து புறப்பட்டுவிட்டான்.

அவள் சொல்வது எதுவும் அவன் காதில் ஏறுவதில்லை. நேற்றும், “போனமுறை பிளேனுக்குள்ள கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் நிமிராமல் புட்டைக் குழைத்துச் சாப்பிட்டான்.

தங்கை லண்டனுக்கே வந்துவிடச் சொல்கிறாள். கதவு சாத்துமுன் பிலேந்திரன் ஒரு வார்த்தை பேசினால் திரும்பி வருவது, இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுவது என்று அவள் மனதுக்குள் முடிச்சுப் போட்டிருந்தாள். அவள் அழைத்துப் பார்த்த போதெல்லாம் அவன் கைபேசி அடித்து ஓய்ந்தது.

பணிப்பெண் வந்தாள். “கீழே நிற்கிறவருக்கு வேலை தெரியாது. வேறு ஆளை அனுப்புங்கள்” என்று அனஸ்ரேசியா நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

பணிப்பெண் தலையாட்டிப் போனதும் ஞானரட்ணம் இளகினார். “பாவம், மனிசியோட சண்டை பிடிச்சிட்டு வந்திருப்பான். அதுதான் கை ஓடேல்லை.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

திடீரென்று குழாய் ஊதிப் புடைத்தது. காலடியில் இளஞ்சூடு பரவி மெல்ல முழங்கால்வரை ஏறியது. சப்பாத்துக்குள் விரல்களை நீட்டி மடக்கியபோது, அழாமல் இருப்பது அவளுக்கு இன்னும் கடினமாகிவிட்டது.

“கதவைச் சாத்தப் போகினம்” என்றார் ஞானரட்ணம்.

கீழே நின்றவன் எழுந்தான். ஒரு காதின் கவசத்தைத் தள்ளி, அங்கே கையை வைத்துக்கொண்டு, வரிசை யன்னல்களில் அவளுடையதை அண்ணாந்து தேடிப் பிடித்தான்.

அவள் கைபேசி அடித்தது.

“கால் இப்பவும் குளிருதோ?”