மாமியார் விடாத கத்தி

அந்தக் கத்தியை எப்படியாவது மாமியார் கையிலிருந்து மீட்டாகணும். இல்லைன்னா மானம் கப்பலேறிடும்.

கையால கத்தி செஞ்சு விக்கிறவன் அவன். மாமியார் வாயைத் திறந்து அவன்கிட்ட கேட்ட ஒரே பொருள், சமையலுக்கு ஒரு கத்தி. ஊருக்கெல்லாம் ஒழுங்கா செஞ்சு கொடுத்தவனுக்கு இதுல மட்டும் எங்கிருந்தோ சனி பிடிச்சுது.

முதல் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெய் வாளின்னு நினைச்சு பக்கத்துல இருந்த தண்ணி வாளியில முக்கிட்டான். 'டிக்'குனு ஒரு சத்தம். நட்டநடுவுல விரிசல்.

ரெண்டாவதைச் சாணைச் சக்கரத்துல பிடிச்சிருக்கும்போது போன் அடிச்சது. மாமியார்தான்.

"என்ன மாப்பிள்ளை, கத்தி ஆச்சா?"

"இதோ ஆகிட்டே இருக்கு அத்தை!"

பேசி முடிக்கிறதுக்குள்ள கத்தியோட கூர்ப்பக்கம் நீலமாயிடுச்சு. சூடேறி நீலம் பாஞ்சா இரும்போட பதம் செத்துதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது.

தூக்கிப் போட்டிருக்கணும். இவன் என்ன பண்ணினான்? நீலத்தைத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கி, அழகா மரப்பிடி மாட்டி, தன் பேரையும் பொறிச்சுக் கொடுத்துட்டு வந்துட்டான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச திருப்தி வேற.

அந்தத் திருப்தி ஒரு மாசம்தான் நீடிச்சது.

"எங்கம்மா அந்தக் கத்தியைத் தெருவுல எல்லார்கிட்டயும் காட்டிப் பெருமைப்படறாங்களாம்!" மனைவி பூரிச்சுப் போய்ச் சொன்னாள். "நாலு பேர் உங்ககிட்ட வாங்கணும்னு கேட்டிருக்காங்க!"

அந்த நாலு பேர்ல ஒருத்தர் அத்தைகிட்ட அதை வாங்கி ஒரு வெங்காயத்தை நறுக்கிப் பார்த்தா? 'சொந்த மாமியாருக்கே இந்த லட்சணம்னா நமக்கு என்ன செய்வான்'னு கேட்க மாட்டாங்களா?

போனை அணைச்சு வச்சுட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு புதுசா ஒண்ணு செஞ்சான். காகிதத்தைத் தொட்டாலே ரெண்டாகிற கத்தி. அதை எடுத்துக்கிட்டு மாமியார் வீட்டு அடுப்படியில போய் நின்னான்.

"அத்தை, இது ரொம்ப உசத்தி. இதை வச்சுக்கிட்டு அந்தப் பழசைக் கொடுத்துடுங்க."

மாமியார் வாங்கி ஒரு உருளைக்கிழங்கு மேல வச்சார். கிழங்கு ரெண்டா விழுந்தது. மாமியார் முகம் சுருங்கிப் போச்சு.

"வேணாம் மாப்பிள்ளை. பழசே இருக்கட்டும்."

"அது சரியா நறுக்காதே அத்தை!"

"நல்லாத்தான் நறுக்குது."

"நறுக்காது அத்தை!"

"செஞ்ச நீங்களே குறை சொல்லலாமா? கத்தி பிரமாதம்."

தான் செஞ்ச கத்தி மட்டம்னு மல்லுக்கட்டின ஆசாமி உலகத்துலயே இவன் ஒருத்தனாத்தான் இருப்பான்.

ஓஹோ, விஷயம் புரிஞ்சு போச்சு. அத்தை கண்டுபிடிச்சுட்டாங்க! சொந்தக்காரங்க எல்லாம் கூடுற நேரமாப் பார்த்து, 'பாருங்க என் மாப்பிள்ளை லட்சணத்தை'ன்னு எடுத்து வீசறதுக்காகப் பத்திரப்படுத்தி வச்சிருக்காங்க. என்ன வஞ்சம்! இவனுக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு.

அப்போ மாமனார் சுவரைத் தடவிக்கிட்டே உள்ளே வந்தார். நோயில படுத்து எழுந்ததிலிருந்து அவருக்குப் பார்வை மங்கல், கையில நடுக்கம். அந்தக் கையில ஒரு சாணைக்கல்.

"யாரு, மாப்பிள்ளையா? வாங்க வாங்க! ஏம்மா, என் கத்தி எங்கே? காய் நறுக்க வேணாமா?"

மாமியார் சட்டுனு புதுக் கத்தியை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு, பழசை எடுத்து நீட்டினார்.

மாமனார் உட்கார்ந்து சரக் சரக்குனு தீட்டினார். "சும்மா உட்கார வச்சுச் சோறு போட நான் என்ன பொம்மையா? இந்த வீட்டுல காய் என் பொறுப்பு, மாப்பிள்ளை."

ரெண்டாவது கேரட்டுலயே கத்தி வழுக்கி நேரா அவர் விரல் மேல இறங்கிடுச்சு.

"ஐயோ மாமா!" இவன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான்.

திறந்து பார்த்தா, விரல்ல ஒரு கீறல் கூட இல்லை. மாமனார் சிரிச்சார்.

"பயந்துட்டீங்களா? முன்னாடியெல்லாம் விரலுக்கு விரல் கட்டோட திரிவேன். இப்பப் பாருங்க, கை எப்படித் தேறிடுச்சுன்னு!"

மாமியார் இவனைக் கையைப் பிடிச்சு வீட்டுக்குப் பின்பக்கம் இழுத்துக்கிட்டுப் போனார். இவன் அதுக்கு மேல தாங்காம உடைஞ்சுட்டான்.

"மன்னிச்சுடுங்க அத்தை. அது கெட்டுப்போன கத்தி. தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

"வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் அத்தை...?"

"மழுங்கின கத்தியாக் கொடுத்தாலும் மனுஷன் தீட்டித் தீட்டிக் கூராக்கிடறார், உடனே விரலை வெட்டிக்கறார். கத்தியைப் பிடுங்கி வச்சா, சாப்பாடே வேணாம்னு சுவரைப் பார்த்துப் படுத்துக்கறார். என்ன தீட்டினாலும் கூராகாதது உங்க கத்தி ஒண்ணுதான்."

மாமியார் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தினம் தீட்டறதுல தேய்ஞ்சுக்கிட்டே வருது, மாப்பிள்ளை. இதே மாதிரி நல்லாக் கெடுத்து இன்னொண்ணு செஞ்சு தர முடியுமா?"