செல்வமேரியின் வெயில் களிம்பு

வெந்நீரில் போட்டுத் தோலுரித்த தக்காளி போல இருந்தது லீலாவின் முகம். அந்த முகத்தோடுதான் அவள் காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

தாண்டிக்குடி எஸ்டேட்காரர் திருமலைச்சாமி டம்ளருக்கு நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். மகனுக்குப் பெண் பார்க்க, மனைவி பாப்பம்மாளோடு ஜீப்பில் அத்தனை வளைவும் சுற்றி வந்த மனுஷன். பெண்ணைப் பெற்ற சேனாதிபதிக்குக் கொடைக்கானல் குளிரிலும் சட்டைக் காலர் நனைந்தது.

பழனி அடிவாரத்தில் சந்தனக் கடை வைத்து, மூன்று மாடி எழுப்பியவர் சேனாதிபதி. எஸ்டேட் சம்பந்தம் என்றதும், தன் வசதி தெரியட்டும் என்று சீசனுக்குக் கொடைக்கானலில் பங்களாவே பிடித்துவிட்டார். கையை விட்டுப் போய்விடுமோ இந்த இடம் என்று இப்போது பயம் பிடித்துக்கொண்டது.

“இந்த ஊரு வெயிலு இருக்கே, குளிரக் குளிர அடிக்கும். உள்ளுக்குள்ள சுட்டுரும்,” என்று ஆரம்பித்தார். “பிள்ளை ஏரியில போட்டுல போகணும்னு சொன்னா. கறுத்துருவான்னு, பங்களாச் சமையக்காரி ஏதோ களிம்பு காச்சிக் குடுத்திருக்கா. அதைப் பூசிட்டுப் போனதோட லட்சணம் இது.”

திருமலைச்சாமி தொண்டையைச் செருமினார். “தோல்தானே, ஆறிரும். நான் முகத்தைப் பாக்க வரலைங்க. காப்பிக்கொட்டையில கல்லைக் கலக்குற பயலுகளோட மாரடிச்சே சலிச்சுப் போனவன். நாணயமான வீட்டுல பொண்ணெடுக்கணும். அம்புட்டுத்தான் சம்பந்தி.”

சம்பந்தி! ஒரே சொல்லில் பேரம் படிந்துவிட்டது. புத்தியுள்ளவன் அதோடு தாம்பூலத்தை எடுத்து நீட்டியிருப்பான். ஆனால் படிந்த பேரத்திலும் கொசுறுக்குக் கை நீட்டாவிட்டால் சேனாதிபதிக்குச் சாப்பாடு இறங்காது. எஸ்டேட்காரர் நாணயம் என்று கேட்டதுதான் கேட்டார், தன் நாணயத்தைக் கொஞ்சம் விரித்தே காட்டுவோமே என்று தோன்றிவிட்டது.

“ஏய் செல்வமேரி! அந்தக் களிம்புக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வெளிய வா!”

முந்தானையில் ஒரு கையைத் துடைத்தபடி, மறு கையில் கிண்ணத்தோடு செல்வமேரி வந்து நின்றாள்.

“என்ன கருமத்தைக் காச்சுன?”

“தேன்கூட்டு மெழுகும் தேங்காயெண்ணெயும்ங்கையா. வெந்நீர்ச் சட்டிக்குள்ள வச்சு உருக்கி, ஆறுறப்ப சந்தனத் தூளைத் தூவிக் கிண்டுறது. மிஷன் அம்மாமாருக்கு வருஷா வருஷம் நாந்தான் செஞ்சு குடுக்குறேன். இதே மெழுகு, இதே எண்ணெய். ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லீங்க.”

“மிஷன் அம்மா! வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் பத்து வருஷம் ஆச்சு. இவளுக்கு இன்னும் அம்மாமாரு சர்ட்டிபிகேட்டு வேணுமாம். அவுக தோலுக்குச் சுண்ணாம்பை அடிச்சாலும் வித்தியாசம் தெரியவா போகுது?”

வாசற்படியில் நின்ற அவர் மனைவி சிவபாக்கியம் மெதுவாகச் சொன்னாள். “ஏங்க, விருந்தாளுக இருக்காக. பெறகு பேசிக்கிடலாம்.”

“உனக்கு என்ன தெரியும்? உள்ள போ.”

சுண்டுவிரலால் களிம்பைத் தொட்டார். மூக்குக்கு அரையடி தூரத்திலேயே முகத்தைச் சுளித்தார்.

“இதுல சந்தனம் எங்க இருக்கு? ஆசாரி இழைப்புளியில சீவுன மரத்தூளு. சேலைக்குப் போடுற மஞ்சச் சாயம். மணத்துக்கு ரெண்டு சொட்டு எசன்ஸு. மொட்டை போட்டவன் தலையில பூசினா ஒண்ணும் தெரியாது, அவன் ஊரு போய்ச் சேர்ந்துருவான். எண்ணெயோட சேத்து முகத்துல அப்பி வெயில்ல காயவிட்டா, தோலு உரியாம என்ன செய்யும்?”

“அடேயப்பா, மூக்கா அது!” என்றாள் பாப்பம்மாள். பெருமையில் சேனாதிபதிக்கு நாற்காலி போதவில்லை.

“எந்தக் களவாணிப் பயகிட்ட வாங்குன? அவனும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, நெத்தி நிறைய விபூதி பூசிக்கிட்டு, கல்லாவுல உக்காந்திருப்பான். சாமி பேரைச் சொல்லிக்கிட்டுச் சாயத்தை விக்கிறவன் வீட்டுச் சோறு எப்படிச் செமிக்கும்? அவனுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான், எவன் பொண்ணு எடுப்பான்?”

செல்வமேரி வாசற்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்ல மாட்டா. கூட்டுக் களவாணி!” பங்களாக் காவல்காரனை நோக்கிக் கத்தினார். “ஏலே லூர்துசாமி! வெரசா போய்ப் போலீசைக் கூட்டியா. இவளை நாலு தட்டுத் தட்டினா அந்தப் பய பேரு தன்னால வரும்.”

“அப்படிக் கேளுங்க சம்பந்தி,” என்று தொடையைத் தட்டினார் திருமலைச்சாமி. “எவனா இருந்தாலும் விடக் கூடாது. செலவு என்னோடது.”

லூர்துசாமி படியிறங்கினான்.

“ஐயா, போலீசு வேணாங்கையா! எம் பொழப்பே போயிரும்!” செல்வமேரி கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

அதற்குமேல் சிவபாக்கியத்தால் நிற்க முடியவில்லை. விருந்தாளிகளையும் மறந்து வராந்தாவுக்கு வந்து, செல்வமேரியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பாவம், அவளை விடுங்க! நம்ம பிள்ளை பூசுறதாச்சே, கண்ட கடைத் தூளு வேண்டாம்னு நம்ம கடைச் சந்தனத்தை நாந்தான் குடுத்தேன்!”