நீலச்சிறகியின் தொண்டை

கண் ஆபரேஷனுக்குப் பின் இரண்டு கண்ணிலும் கட்டோடு உட்கார்ந்திருந்த துரைக்கண்ணு, சனிக்கிழமை விடிந்ததும் தொலைக்காட்சிச் சுவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். அதில் பறந்துகொண்டிருந்தவள் பழைய கார்ட்டூன் நாயகி நீலச்சிறகி. இப்போதெல்லாம் அவள் வீட்டுக்கு வீடு சுவரில் நின்று, பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்கிறாள்.

"கட்டைப் பிரிச்சா பார்வை வராதோன்னு பயமா இருக்கும்மா."

"பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்!"

சமையலறையில் அவர் மனைவி லோசனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வயதில் அந்த வசனத்தைத் தமிழில் பேசியவளே அவள்தான்.

"இந்தப் பயத்தை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? அதுவும் என் குரல்தானே?"

"உன் குரலா இருந்துச்சு. இப்ப அவ குரல். நீ அடுப்பைப் பாரு."

லோசனி ஓசைப்படாமல் வந்து சுவரின் சுவிட்சை அணைத்தாள். அங்கேயே நின்று, அதே வசனத்தைப் பழைய துள்ளலோடு சொல்லிப் பார்த்தாள். பாதியில் குரல் கம்மிவிட்டது.

துரைக்கண்ணு பதறிப்போனார். "அடடா, நீலச்சிறகிப் பாப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சே! ஊருக்கெல்லாம் பேசினா கட்டாம என்ன செய்யும்?"

டப்பிங் முடிந்து பேச்சே எழும்பாமல் அவள் வீடு திரும்பிய நாட்களில் அவர் கேட்டதெல்லாம், "இன்னிக்கு என்ன குழம்பு?"

"லோசனி! பாப்பாவுக்கு வெந்நீர்ல தேன் கலந்து கொண்டா!"

நழுவிப்போய் அடுப்படியிலிருந்து, "வந்துட்டேன்" என்றாள். கலந்து கொண்டுவந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை தானே குடித்தாள்.

"குடிச்சாளா?"

"குடிச்சா. தேன் போதலையாம்."