திரைக்கயிறு

“மறுபடியும் அவசரப்பட்டுட்டியே அக்கா! இது மூணாவது ஒத்திகை!” மாதேஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

ராஜாத்தி திரைக்கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். கம்பெனி கேன்டீனில் போட்டிருந்த மேடையில், சாக வேண்டிய பிரேம்குமார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

“நான் சாவறதப் பாக்க அக்காவுக்கு மனசு வரல போல, மாதேஷு.”

பாதுகாப்பு வாரத்துக்காக ஆபீசில் எழுதிக் கொடுத்த நாடகம் அது. வேறொரு யூனிட்டில் நடந்த விபத்தாம். பிரஸ் மிஷினில் அடிபட்ட தொழிலாளி ஆஸ்பத்திரியில் கண்மூடும் முன், “மிஷின் கவரைக் கழட்டினது நான்தான். கம்பெனி மேல தப்பில்ல” என்பான். அதோடு திரை.

“எதிர்ப்பக்கம் நின்னு டார்ச் அடிப்பேன். ரெண்டு தடவ அடிச்சதும் இழு. அவன் வாயப் பாக்காத, என் டார்ச்சப் பாரு,” என்றான் மாதேஷ்.

தலையாட்டினாள். துப்புரவு வேலைக்கு வந்து ஒரு மாதம்தான். ஆனாலும் வேறு எதிலும் அவளிடம் குறை சொல்ல முடியாது. கட்டில் வைக்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டாள். கிறீச்சிட்ட உருளைக்கு மெழுகுவர்த்தி தேய்த்தாள். பழைய யூனிஃபார்ம் சட்டை வேண்டும் என்றதும் வீட்டிலிருந்தே துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துவந்தாள். பாக்கெட்டுக்கு மேலே பெயரைப் பிரித்தெடுத்த நூல் தடம் மட்டும் தெரிந்தது.

“மத்தியானமும் சொதப்பினா ஜி.எம். முன்னாடி என் மானம் போயிடும். உன்னையும் வேலைய விட்டு எடுத்துடுவாங்க, பாத்துக்க.”

மூன்று மணி. முதல் வரிசையில் ஜி.எம்., பின்னால் முந்நூறு பேர். பிரேம்குமார் கட்டிலில் கிடந்து இருமினான். ஒரு கையை மெல்லத் தூக்கினான்.

“மிஷின் கவரை...”

டார்ச் எரியவில்லை. திரை சரசரவென்று மூடிக்கொண்டது.

அரைகுறையாகக் கைதட்டல் எழுந்து அடங்கியது. மாதேஷ் மேடைக்குக் குறுக்கே ஓடிவந்தான். “திற! திரையத் திற அக்கா!”

ராஜாத்தி கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கிக்கொண்டாள். விரல்கள் வெளுத்துப்போயின.

“சாகப் போறவன் கடைசியா சொல்றத ஏன் சொல்லவிடல? அதுக்குத்தானே இந்த நாடகமே!”

அவள் பிரேம்குமார் போட்டிருந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் வீட்டுக்காரரு அப்பிடிச் சொல்லவே இல்லீங்க சார்.”