பழைய மீன்

வரவேற்பறையில் இருந்த கடல்நீர்த் தொட்டிக்குள் வெண்டெல் முழங்கை வரை கையை விட்டிருந்தார்.

"மறுபடியும் கடிச்சிருச்சாப்பா?" என்று கேட்டாள் மகள் பிரின்.

"ஆமா, புது மீனோட வாலே பிஞ்சுபோச்சு. அஞ்சு வருஷமா தொட்டி முழுக்கத் தனக்குத்தான்னு இருந்த மீனு. ஜோடி சேர்க்கலாம்னு இன்னொண்ணைக் கொண்டுவந்தா, கொல்லப் பார்க்குது."

"அப்ப புதுசைக் கடையிலயே திருப்பிக் குடுத்துருங்க."

"அது என்ன தப்பு பண்ணுச்சு?"

கடித்த பெரிய கோமாளி மீனைப் பிடித்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் தொட்டியின் ஓரத்தில் மாட்டினார்.

"பழசைத்தான் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்கணும். அதுக்குள்ள புதுசு பழகிடும். கல்லையெல்லாம் இடம் மாத்தி வச்சுட்டா, திரும்பி வர்றப்ப பழசுக்கு இது தன் இடம்னே தெரியாது. அடங்கிப் போயிடும்."

"அடங்கலேன்னா?"

"இன்னும் கொஞ்ச நாள் பெட்டியிலயே கிடக்கட்டும்."

மாடியிலிருந்து கொலெட்டின் குரல் வந்தது. வெண்டெல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று மாதம்தான் ஆகிறது.

"வெண்டெல், பிரின் ரூம்ல கட்டிலை எடுத்துட்டு என் தையல் மெஷினைப் போட்டுக்கட்டுமா?"

வெண்டெல் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட்டுக்கோ" என்றார்.

வாசலில் ஹாரன் ஒலித்தது. வெர்மான்ட் விடுதிப் பள்ளிக்கு அழைத்துப்போக டாக்சி வந்திருந்தது. பிரின் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு வர்றப்போ நான் கடிக்க மாட்டேன்பா" என்றாள்.