சுழலும் விரல்

அவர்களிடம் இருந்ததே நான்கு பாட்டுதான். அடுத்தவர் பாட்டைப் பாடுவதில்லை என்பது ஜெசிந்தா தன் குழுவுக்குப் போட்ட சட்டம். அதுதான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது. பெரிய குழு வரும்வரை கூட்டத்தைச் சமாளிக்க, முன்பின் தெரியாத இந்த நகரத்துக்கு அவர்களை வரவழைத்திருந்தார்கள். பெரிய குழு வந்தபாடில்லை. மேடையோரம் நின்ற அமைப்பாளர் சுட்டுவிரலைக் காற்றில் சுழற்றினார்: நிறுத்தாதே. நான்கையும் மறுபடி பாடினார்கள். விரல் மறுபடி சுழன்றது. மூன்றாவது சுற்றில் நாற்காலி ஒன்று மேடையில் வந்து விழுந்தது.

“தொண்டை போச்சுண்ணே,” என்று அவரிடம் ஓடிப்போய்க் கெஞ்சினாள்.

“வண்டி பக்கத்துல வந்துருச்சும்மா. நிறுத்துனா மேடையக் கொளுத்திருவானுங்க. பாடு, பாடு.”

நான்காவது சுற்றில் கூட்டமே சேர்ந்து பாடியது. வரிகள் எல்லாருக்கும் மனப்பாடமாகியிருந்தன. அவள் வருஷக்கணக்காய் ஏங்கிய காட்சி. அவள் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. போதுமா என்று கேட்க மேடையோரம் திரும்பினாள். அமைப்பாளர் இல்லை, பின்னால் நின்ற அவர் காரும் இல்லை. பாட்டு முடிந்ததும் மைக்கைக் கீழே வைக்கக் குனிந்தாள். முன்வரிசையில் ஒருவன் எழுந்து, சிரிக்காமல், சுட்டுவிரலை உயர்த்திச் சுழற்றினான். அவனுக்குப் பின்னால் இன்னொரு விரல் எழுந்தது. பிறகு திடல் முழுக்க.