இரண்டாவது செட்

"நேத்து ஏன் வரல? உனக்காகத்தானே உக்காந்திருந்தேன்."

கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற ஜோதி காதைக் கதவோடு ஒட்டினாள்.

உள்ளே பேசிக்கொண்டிருந்தது அவள் கணவன் ஜெயப்பிரகாஷ். சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்தால் காபி டம்ளரோடு அறைக்குள் போய்விடுகிறான். டிவியில் வீடியோ கேம். காதில் ஹெட்போன். அந்தப் பக்கம் பேசுவது யாரென்று வெளியே கேட்காது.

"இல்ல, நீ இல்லாம நான் மட்டும் போக மாட்டேன். வா."

தன்னிடம் என்றைக்காவது இப்படிப் பேசியிருக்கிறானா?

சாப்பிடும்போது கேட்டாள்.

"யாருங்க அது?"

"கேம்ல பழக்கம்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ரசம் ஊத்து" என்றான். தலை நிமிரவில்லை.

மறுநாள் பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். கேமை வாங்கின கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கத்தான் போனாள். கடையில் கணவன் பேரைச் சொன்னாள்.

"அரியலூர் ஜெயப்பிரகாஷ் சார் வூட்டம்மாவா?" என்றார் கடைக்காரர் அய்யம்பெருமாள். "ரெண்டு செட் எடுத்தாரே. எதும்மா தகராறு பண்ணுது?"

ரெண்டா? வீட்டில் இருப்பது ஒன்றுதான்.

அவர் பாட்டுக்குப் பேசினார். "வர்றவங்க எல்லாம் சினிமா மாதிரி இருக்குமா, சண்டை எப்படி இருக்கும்னு கேப்பாங்க. அதைப் பாத்துத்தான் மெஷினே வாங்குவாங்க. சார் கேட்டது வேற. ஒருத்தர் விட்டுட்டுப் போனா இன்னொருத்தரால ஆடவே முடியாது, அப்படி ஒரு கேம் இருக்கான்னார். இருக்குன்னேன். அந்த ஒரு கேமுக்காக ரெண்டு மெஷின்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியே எதுவும் அவள் கண்ணில் படவில்லை. ஏதோ ஒரு வீட்டில், யாரோ ஒருத்தி, அந்த இன்னொரு செட்டுக்கு முன்னால்...

சாயங்காலம் மறுபடியும் அதே பேச்சு, அதே சிரிப்பு. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கதவுக்கிட்ட வந்தாள். அதற்குள் ஆலையிலிருந்து போன். அறைக்குள் சிக்னல் சரியாக இல்லாததால் அவன் கொல்லைப்பக்கம் போனான்.

ஜோதி உள்ளே நுழைந்து ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"மாமா, எங்க போயிட்டீங்க? பாலத்துக்கிட்டயே நிக்கிறேன். நீங்க வந்து கை குடுத்தாத்தான் நான் தாண்ட முடியும்."

பூவரசன். உடையார்பாளையத்தில் அம்மா வீட்டில் கிடக்கும் அவள் தம்பி. பைக் விபத்தில் கால் இரண்டும் செயலிழந்ததிலிருந்து யாரோடும் பேசாதவன். அக்கா போய் வாசலில் நின்றால்கூட அறைக்குள் விடாதவன்.

"லைன்ல இருக்கீங்களா மாமா? அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அழுதே என்னையப் படுக்க வச்சிரும். நான் கொஞ்சம் தேறிக்கிறேன், அப்புறம் நானே பேசுறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

ஜோதி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெட்போனை இருந்த இடத்திலேயே சத்தமில்லாமல் வைத்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தாள்.

"போனை வச்சிட்டு உள்ள போங்க. உங்க ஆளு காத்துக்கிட்டிருக்கு."